மாமாவுக்கு, நவம்பர் 29

மாமா,

கையெழுத்துப் போட்டுட்டேனுங்க. தை பொறந்ததும் நம்ம தொட்டிக்கட்டு வீட்டை, நடுவுல முத்தம் வெச்ச பழைய வீட்டை, இடிச்சு இறக்கறாங்க. ஆரு ஆரு என்ன பேசினாங்கன்னு உங்களுக்கே தெரியும். நாலு பேர் படிக்கிற எடத்துல அதெல்லாம் வேண்டாம்.

2014ல இதே தேதிதான், மழையில புதுச்சேரி மேரி கட்டடம், அந்தப் பழைய நகராட்சிக் கட்டடம், சரிஞ்சுது. இடிபாட்டோரம் கிடந்த காரைத் துண்டு ஒண்ணை எடுத்து கட்டைவிரல்ல நெருடினீங்க. கம்பு மாவாட்டம் உதுந்துச்சு. "சுண்ணாம்புச் சொவரு மூச்சு விடோணும் கண்ணு"ன்னீங்க. அந்த விரல்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

அப்படிச் சொன்ன நீங்கதானே நம்ம தெக்குச் சொவத்துக்கு சிமெண்டு பூசச் சொன்னீங்க? சுண்ணாம்புக் காரை குடிச்ச தண்ணியத் திருப்பி விட்டுரும். மேல சிமெண்டு ஏறுச்சுன்னா விடாது. ஈரம் சொவத்துக்குள்ளயே மேல ஏறி, உத்திரம் சொவத்துக்குள்ள போற முனையில போய் நிக்கும். வெளிய பார்த்தா தேக்கு கல்லாட்டம் இருக்கும். முனையில திருப்புளி வெச்சு அழுத்தினேன், ரெண்டு அங்குலம் உள்ள போச்சு. பதினோரு உத்திரத்துல ஏழு அப்படி. இதுக்கு மேல நான் என்னங்க பண்றது?

மன்னிச்சுக்குங்க. கோவத்துல எழுதிட்டேன். ஆனா எழுதினதை அடிக்க மாட்டேன்.

மட்டப்பாவை, அந்த மொட்டை மாடித் தளத்தை மட்டும் புதுசாப் போட்டிருக்கலாம்னு சொல்லுவீங்க. சின்ன செங்கல்லைச் சாய்வா நிறுத்தி வெச்சுக் கட்டி, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நாலு அங்குலம் பரப்பி, மூணு அங்குலமா இறுகற வரைக்கும் கொட்டாப்புளிங்கற மரச் சுத்தியில அடிக்கோணும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, நாள்கணக்கா. அப்பறம் தட்டோடு மூணு வரிசை. அந்த அடி அடிக்க ஆளு எங்கீங்க? அவசரப்பட்டு பாதியில நிறுத்தினா மயிரிழை வெடிப்பு விழும், மொத மழைக்கே தண்ணி நேரா உத்திரத்துக்குத்தான் போகும். அங்க புதுச்சேரிக் கடலோரத்துல கிளிஞ்சல் சுண்ணாம்பு, நமக்கு மதுக்கரைப் பக்கத்துக் கல்லு. ரெண்டையும் சரியா நீத்துப் போடாம பூசினா, பூசின பொறவு பூரிச்சுப் பொக்களம் போடும்.

1761ல இங்கிலீஷ்காரன் புதுச்சேரிக் கோட்டையத் தரைமட்டமாக்கினது பகையில. நம்மளது பகையில்லைன்னு சொல்லிக்கறேன். வெளிய அப்படித்தான் சொல்லோணும்.

மேரியை அதே சாயல்ல திரும்பக் கட்டி 2021ல தொறந்துட்டாங்க. உங்களுக்குப் புடிக்காது. எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க. நெழலு விழற எடத்துல பழையபடி நெழலு விழுது.

புதுச்சேரிக் கடற்கரையில காந்தி சிலையச் சுத்தி எட்டுக் கருங்கல் தூணு நிக்குதுங்களே, படம் புடிக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அது செஞ்சியில இருந்து வந்ததுன்னு தெரியும்? அதனால இங்க இறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் நம்பர் போட்டுட்டேன். தொட்டித் தூணு நாலுக்கும் அடிக்கல்லோட சேத்து வ1, வ2, தெ1, தெ2. சுண்ணாம்புல எழுதினா மழைக்குப் போயிரும்னு தகரத்துல ஆணி வெச்சுக் குத்தி, கம்பியில கட்டியிருக்கேன். எது எங்க நின்னுச்சுன்னு வரைபடமும் அளவோட இருக்கு. நல்லா இருக்கற நாலு உத்திரத்தையும் இறக்கினதும் செங்கல் மேல தூக்கி வெச்சிருவேன், கரையான் ஏறாம.

வ1 உங்களுக்குங்க. நீங்க சாஞ்சு உக்காருற தூணு. லாரி வாடகை மட்டும் உங்களுது.