மேற்கோள் காட்டும் முறையை முதல் பருவத்திலேயே கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற நான், இன்றும் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்தித் தருகிறேன். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களைப் பற்றி அண்மையில் எழுதிய ஒரு மாணவி, 1918-இல் வெளியான, கெசட்டியர் எனப்படும் சேலம் மாவட்ட விவரச்சுவடியைப் பக்க எண்ணோடு அடிக்குறிப்பில் காட்டியிருந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். காப்பியைப் பற்றி ஒரு வரிகூட அங்கில்லை. வேறொருவர் கட்டுரையின் அடிக்குறிப்பை அதன் அச்சுப் பிழையோடு அப்படியே எடுத்தெழுதியது விசாரித்தபோது தெரிந்தது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. மூலநூலைப் பார்க்காதபோது, செய்தியை எடுத்த கட்டுரையையே சுட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறை, ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை என்றும், 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும் என்றும் கூறுவதால், கல்லூரிகளில் அந்த எண்ணைப் பற்றிய பேச்சே மிகுந்துவிட்டது. சொற்களை மாற்றிப்போட்டு எண்ணைக் குறைத்துவிடலாம். கருத்து அப்போதும் பிறருடையதுதான். ‘என்மனார் புலவர்’ என்று முன்னோரைச் சுட்டி இலக்கணம் சொன்ன தொல்காப்பியத்தைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது புரியாத செய்தி அன்று.

ஆய்வு முறையியல் வகுப்பை முதல் பருவத்திலேயே நூலகத்தில் நடத்தி, ஒரு நூலைக் கையில் கொடுத்து, ஆசிரியர், ஆண்டு, பதிப்பு, பக்கம் ஆகியவற்றைப் பார்த்து எழுதப் பழக்குமாறு சேலத்துக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.