கல்லூரி நூலகத்தில் கணக்குக்கு ஒரு மேசை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், இப்போது கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடுகூடத் தெரியவில்லை, எட்டாம் வகுப்பு வரை எல்லோரையும் பாஸ் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் என் வீட்டு வாசல்படியில் பார்த்தேன், அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வாத்தியார் இல்லை. வங்கி கவுன்டரில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன், பாளையங்கோட்டையில் இருக்கிறேன். எங்கள் வீட்டு மாடியில் கல்லூரியில் படிக்கிற பெண்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஊர் முக்கூடல் பக்கம், பி.காம். இரண்டாம் வருஷம், புள்ளியியல் பேப்பரில் அரியர். ஒரு நாள் சாயங்காலம் படியில் உட்கார்ந்து கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டால், "எனக்குக் கணக்கு வராது தாத்தா" என்கிறாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்கிற கணக்கு. 4, 7, 8, 10, 11 என்று ஐந்து எண்கள். சராசரி 8, சரியாகப் போட்டிருக்கிறாள். சராசரியிலிருந்து வித்தியாசம் -4, -1, 0, 2, 3, அதுவும் சரி. வர்க்கம் எடுக்கிற இடத்தில்தான் வம்பு. மைனஸ் நாலைத் தட்டிவிட்டு அப்படியே வர்க்கப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள், கால்குலேட்டர் நாலை மட்டும் வர்க்கமாக்கி மைனஸை முன்னால் நிறுத்தி -16 என்று காட்டியிருக்கிறது. அடைப்புக்குறி போட்டிருந்தால் 16 வந்திருக்கும். மைனஸ் ஒன்றுக்கும் அதே கதை. கூட்டினால் 30 வர வேண்டிய இடத்தில் -4 வந்து, அதை ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கப் போனால் திரையில் 'மேத் எரர்'. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே எரர். மூளையில்தான் கோளாறு என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டது.

வகுப்பில் கேட்க வேண்டியதுதானே என்றேன். "கேட்டா, இதுகூடத் தெரியாமலா காலேஜுக்கு வந்தேம்பாங்க. ஒருத்தி கேட்டு, கிளாஸே சிரிச்சிச்சு தாத்தா." சரி, பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் படித்திருப்பாயே என்று கேட்டதற்கு, "அது நல்லா போடுவேன். அது தமிழ் மீடியத்துல. இது ஸ்டாண்டர்டு டீவியேஷன்லா" என்றாள். எம்மா, ரெண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தாளே, நான்தான் இத்தனை நாளும் அதை ஒளித்து வைத்திருந்த மாதிரி!

பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்கு இல்லாத வணிகவியல் பிரிவில் சேர்ந்து, இரண்டு வருஷம் கணக்குப் புத்தகத்தையே தொடாமல் இருந்துவிட்டு, கல்லூரியில் போய் வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஆங்கிலத்தில் எதிரே வந்து நிற்கும்போது யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? ஆனால் இதே பிள்ளையின் அம்மா பீடி சுற்றுகிறவர். கட்டுக்கு 25 என்றால் ஆயிரத்துக்கு 40 கட்டு, கொடுத்த இலைக்கு எத்தனை வர வேண்டும், கடையில் கழித்தது போக வாரக் கூலி எவ்வளவு என்பதையெல்லாம் இவள் பேனா எடுக்காமலே சொல்கிறாள். அதனால் அந்த ஐந்து எண்ணையே அவள் அம்மா ஐந்து நாளில் சுற்றிய பீடியாக, நூறு நூறாக மாற்றிக் கேட்டேன். "எட்டு நூறை ஒட்டித்தான் போகும் தாத்தா, நாலு நூறுன்னா அன்னைக்குக் கல்யாண வீடா இருக்கும்" என்றாள். அந்த எட்டு நூறிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகிப் போகிறது, அதைத்தான் உன் பாடம் கேட்கிறது என்றேன். அடைப்புக்குறி போட்டு அவளே செய்தாள், 30ஐ 5ஆல் வகுத்து 6, அதன் வர்க்கமூலம் சுமார் 2.45. அதாவது 245 பீடி.

பின்னமும் அப்படித்தான். அரையைக் காலால் பெருக்கினால் என்ன வரும் என்றால் முழிக்கிறாள். என் ஆச்சி 'அரைக்கால் படி' என்று அளப்பாள், காலில் அரை என்றால் எட்டில் ஒன்று, விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. (இதை நானே அறுபது வயதுக்கு மேல்தான் யோசித்துப் பார்த்தேன்.)

கணக்குப் பயத்தை லேசாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1972லேயே அதை அளக்க ஒரு வினாத்தாள் தயாரித்துவிட்டார்கள். 2001இல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், கணக்குப் போடும்போது இடைவிடைகளை மனதில் பிடித்து வைத்திருக்கிறோமே, அந்த இடத்தையே பயம் அடைத்துக்கொள்கிறது என்று சோதனை செய்து காட்டினார்கள். ஆக, தெரிந்ததும் பரீட்சை ஹாலில் தெரியாமல் போகிறது என்று பிள்ளைகள் சொல்வது சாக்கு இல்லை.

இதற்குக் கல்லூரிகள் செய்வது என்ன? மார்க் குறைந்தவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று தலைப்பு வைத்து, நாலு மணிக்கு மேல் ரெமிடியல் கிளாஸ். பட்டியலில் பெயர் வந்த அன்றே பாதிப் பிள்ளைகளுக்கு மனசு விட்டுப்போகும். மீதிப் பேர் ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அங்கேயும் கரும்பலகையில் அதே கணக்கைத்தான் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போடுகிறார்கள்.

1970களில் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மேன் என்பவர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஏழ்மை, ஆர்வமின்மை, வீட்டுச் சூழல் என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், எதுவும் பொருந்தவில்லை. அப்புறம் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். சீனப் பிள்ளைகள் சாப்பிடும்போதுகூடக் கணக்கைப் பேசி ஒருவர் விடையை ஒருவர் திருத்திக்கொண்டார்கள், கறுப்பின மாணவர்களோ கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்தார்கள். அவர் சுலபமான கணக்கு கொடுத்து இரக்கம் காட்டவில்லை. கஷ்டமான கணக்காகப் பார்த்துக் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து போடச் சொன்னார், தேறினார்கள். மாடியில் நாலு பிள்ளைகளும் நாலு மூலையில் காதில் ஹெட்செட்டோடு படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் 1991லேயே கணக்கு உதவி மையம் ஒன்று தொடங்கிவிட்டார்கள். எந்தத் துறைப் பிள்ளையும் நேரே போய் உட்கார்ந்து சந்தேகம் கேட்கலாம். அந்த மாதிரி மையங்கள் இன்று அந்த நாடு முழுக்க இருக்கின்றன. 1990இல் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததற்கு மறு வருஷமே கோவென்ட்ரியில் அதைத் தொடங்கிவிட்டார்கள். நெல்லையிலிருந்து குமரி வரை எத்தனை கல்லூரிகள் அதன் கீழ் இருக்கின்றன! கட்டடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மேசை, அதில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிற இரண்டு பேர், அவர்களுக்குக் கைச்செலவுக்கு ஏதாவது, அவ்வளவுதான். வருகைப் பதிவேடு வேண்டாம், பெயர்கூடக் கேட்க வேண்டாம். முக்கியமாக, இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர் அந்த மேசையில் உட்காரக் கூடாது, அவர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் சரி. மார்க் போடுகிறவரிடம் போய் மைனஸ் நாலின் வர்க்கம் என்ன என்று யார் கேட்பார்கள்?

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேரை வைத்துக்கொண்டு, செமஸ்டருக்குள் ஐந்து யூனிட்டையும் முடிக்க வேண்டும் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள். நானே 1975இல் பி.யூ.சி.யில் (பள்ளி முடித்ததும் அப்போது கல்லூரியில் படித்த ஒரு வருஷப் புகுமுக வகுப்பு) கணக்கில் தோற்றவன். ஹாஸ்டலில் பக்கத்து அறை அண்ணன் ஒருவர் மெஸ் மேசையில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்திராவிட்டால் வங்கிப் பரீட்சை எழுதியிருக்கவே மாட்டேன். நான் கேட்ட மட்டமான கேள்விகளை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அது போதுமானதாக இருந்தது.

இப்போது எங்கள் வாசலில் செவ்வாயும் வெள்ளியும் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். முக்கூடல் பிள்ளை மற்றவர்களுக்கு அடைப்புக்குறி விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். அரியர் பரீட்சை நவம்பரில்தான், பாஸ் ஆவாளா என்று எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலி நாலுதான் இருக்கிறது, இரண்டு பேர் படியில் உட்காருகிறார்கள், மழை வந்தால் அதுவும் கஷ்டம். ஏதாவது ஒரு கல்லூரி தன் நூலகத்தில் ஒரு மேசையை ஒதுக்கினால் வாரத்துக்கு இரண்டு மதியம் வந்து உட்கார நான் தயார். சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை.