மடிக்கணினி வாங்கப் போகும் மகளுக்கு

மன்னார்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கடையை அடைத்த பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி, விண்டோஸ் 11, விலை பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். "இது போதும்மா, தூக்கிக்கொண்டு அலையச் சுலபம், உனக்கும் செலவு குறைவு" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

அது வேண்டாம் கண்ணு.

சின்னதாக, எடை குறைவாக வேண்டும் என்று நீ கேட்பதில் தப்பே இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரிப் பக்கம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஊர் ஊராக நடந்து ஒப்பாரியும் தாலாட்டும் பதிவு செய்கிறவளுக்குப் பெரிய லேப்டாப் சுமைதான். ப்ராசஸர் கொஞ்சம் மெதுவாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பயமெல்லாம் அந்த "64 ஜிபி இஎம்எம்சி" மேல்தான், அதாவது கோப்புகளைச் சேமிக்கப் போர்டோடு ஒட்டியே வரும் சில்லு மேல்தான்.

நம் வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தது உனக்குத் தெரியும். ஒன்று, 2013இல் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் விண்டோஸா, பாஸ் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டமா என்று கேட்கும். நீ அப்போது சின்னப் பிள்ளை. அம்புக்குறியை மேலும் கீழும் தட்டி, அண்ணனிடம் திட்டு வாங்குவாய். இன்னொன்று 2018இல் நான் வாங்கியது. சின்னது, அழகானது, விலையும் குறைவு, 32 ஜிபி இஎம்எம்சி. நீ இப்போது பார்த்திருப்பதற்கு அது அக்கா மாதிரி.

2019இல் அந்தச் சின்ன லேப்டாப்பில் விண்டோஸ் 10 பெரிய அப்டேட் ஒன்றை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. இடம் போதவில்லை என்றது. சி டிரைவின் பட்டை சிவப்பாக நின்றது. நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படங்களை அழித்தேன், பழைய கோப்புகளை அழித்தேன், டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்தேன். அப்படியும் போதவில்லை, பென் டிரைவ் இருந்தால் செருகு என்றது. செருகினேன். பாதி போய்த் திரும்ப வந்தது. இரண்டு வாரம் இப்படி மல்லுக்கட்டிவிட்டு, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது. 2021இல் ஒரு நாள் காலையில் ஆன் செய்தால், துவக்க எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அவ்வளவுதான்.

சர்வீஸ் தம்பி அதைத் திறந்து காட்டினான். பலகையில் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு சில்லு. அதைச் சுற்றித் திருகும் இல்லை, செருகுவாயும் இல்லை. "இதுதான் அக்கா டிஸ்க். ஒட்டியே வருது. மாத்தணும்னா போர்டையே மாத்தணும்" என்றான். போர்டு விலை லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்தது.

இந்தச் சில்லுகளில் ஒவ்வொரு அறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. காலி இடம் நிறைய இருந்தால் எழுதுகிற வேலையை எல்லா அறைக்கும் பரப்பிவிடும். எப்போதும் நிரம்பியே கிடந்தால், மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தையே திரும்பத் திரும்ப அழித்து எழுத வேண்டியிருக்கும். நம்முடையது மூன்று வருடமும் நிரம்பியேதான் கிடந்தது.

அம்மாச்சி பாடியது அதற்குள்தான் இருந்தது. 2019 தை மாதம் திண்ணையில் உட்கார்ந்து, நீ கேட்டாய் என்று பாடினார்களே, ஒன்பது நிமிடம். போனில் இடம் இல்லையென்று நான்தான் லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழித்தேன். அடுத்த வருடம் அம்மாச்சியே போய்விட்டார்கள். இதை உன்னிடம் நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். நீ இன்றைக்கு ஊர் ஊராகப் போய்ப் பாட்டிகளின் குரலைச் சேர்க்கிறாய். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இனி அண்ணனுடைய லேப்டாப் கதையைக் கேள். 2022இல் அது ஆன் ஆவதற்குள் நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்துவிடுவேன், அவ்வளவு மெதுவாகிவிட்டது. அதே தம்பி கடை மேசையிலேயே அதைக் கவிழ்த்துப் போட்டு, திருகுகளை டீ கிளாஸ் மூடியில் போட்டு வைத்தான். பழைய ஹார்டு டிஸ்க் இழுத்தவுடன் வந்தது. அதற்குப் பதிலாகப் போடும் புதிய 240 ஜிபி எஸ்எஸ்டியைக் கையில் வாங்கினேன், எடையே இல்லை. காலி டப்பாவோ என்று குலுக்கிப் பார்த்தேன். அதைச் செருகி, ராமையும் 4 ஜிபி ஆக்கி, மின்ட் போட்டான். இப்போது குக்கர் முதல் விசில் விடுவதற்குள் திரை வந்துவிடுகிறது. பேட்டரி செத்துவிட்டது, கரண்டில்தான் ஓடும். ஆனால் இன்றைக்கும் அதில்தான் பில் போடுகிறேன். 2013இல் வந்தது ஓடுகிறது, 2018இல் வந்தது பரணில் கிடக்கிறது. ஒன்றில் டிஸ்க்கைக் கழற்ற முடிந்தது, இன்னொன்றில் முடியவில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது, "இதில் எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட் இருக்கிறதா, கழற்றி மாற்ற முடியுமா?" என்பது. எம்.2 என்பது எஸ்எஸ்டியைச் செருகும் வாய், என்விஎம்இ என்பது வேகமான எஸ்எஸ்டி வகை. விவரப் பட்டியலில் எஸ்எஸ்டி, என்விஎம்இ, எம்.2 என்று இருந்தால் மேற்கொண்டு பேசு. இஎம்எம்சி என்று இருந்தால் வந்துவிடு. வெறுமனே "64 ஜிபி ஸ்டோரேஜ்" என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அதுதான். வேகத்திலும் வித்தியாசம் உண்டு. இஎம்எம்சியின் இப்போதைய வகைக்கு உச்சமே நொடிக்கு 400 எம்பி. சாட்டா என்ற பழைய வகை எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும், என்விஎம்இ ஆயிரக்கணக்கில் போகும்.

இடக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 64 ஜிபி என்று விற்பதை விண்டோஸ் 60க்கும் கீழேதான் காட்டும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணும், விண்டோஸ் 1024ஆக எண்ணும். ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான். 256 ஜிபி என்பது 238 என்று தெரிவதும் இதனால்தான். அந்த 64 ஜிபியில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் பாதிக்குப் பக்கமாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சமே 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. நீ பார்த்தது சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது.

உன் பதிவுகள் வேவ் கோப்பு, சுருக்காத ஒலி. ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் வரும். போன மாதம் மட்டும் 18 மணி நேரம் பதிவு செய்ததாகச் சொன்னாய். கிட்டத்தட்ட 11 ஜிபி. இன்னொரு மாதம் அதேபோல் போனால் உனக்கும் சிவப்புப் பட்டைதான். எம்பி3 ஆக்கினால் மணிக்கு 60 எம்பிக்குள் அடங்கும், தெரியும். ஆனால் ஒப்பாரியில் குரல் உடையும் இடம், மூச்சு வாங்கும் இடம் எல்லாம்தானே உனக்கு வேண்டும். அதைச் சுருக்காதே. "1 டிபி கிளவுட் இலவசம்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்காதே. அது சில மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ கொடுப்பது, அப்புறம் பணம் கேட்பார்கள். டவர் கிடைக்காத ஊரில் அது இருந்தும் பயன் இல்லை.

அடுத்தது எந்த சிஸ்டம் என்பது. இதில் நான் கண்டிப்பு காட்டப் போவதில்லை, நீயே முடிவு செய். ஆனால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கடையில் பேஜ் லேஅவுட் செய்கிற மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், பழைய எழுத்துருக்களில் வரும் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளும் அதற்குள்தான். அதனால் பெரிய கம்ப்யூட்டரை நான் மாற்றவில்லை. லேசர் பிரிண்டருக்கும் லினக்ஸில் டிரைவர் சரியாக அமையவில்லை, பிடிஎஃப் ஆக்கிப் பெரிய கம்ப்யூட்டரில் போட்டுத்தான் பிரிண்ட் எடுக்கிறேன். உனக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீ ஒலி வெட்டுகிற ஆடாசிட்டி, பாட்டை வரி வரியாக எழுதிக் குறிக்கிற ஈலான், லிப்ரே ஆஃபீஸ், எல்லாமே லினக்ஸிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும், காசும் இல்லை. உன் கைடு வேர்டு கோப்பாகக் கேட்டால் லிப்ரே ஆஃபீஸில் அப்படியே சேமிக்கலாம். கடைசியாகக் கொடுக்கும்போது மட்டும் டிபார்ட்மெண்ட் கம்ப்யூட்டரில் வேர்டில் திறந்து அடிக்குறிப்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், சில சமயம் நகரும்.

தமிழ் அடிப்பதுதான் என் முதல் கவலையாக இருந்தது. விண்டோஸில் 2019 முதல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது. மின்ட்டில் ஐபஸ் எம்17என் என்ற ஒன்றைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் மாதிரி ஒலிப்பு முறை, டைப்ரைட்டர் என்று எல்லாம் வந்துவிடும். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் செய்த கைக்கு டைப்ரைட்டர் தவிர வேறு எதுவும் ஒட்டாது. அது அங்கே இருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தப் பிள்ளைகள் யாரோ நம்மையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

கூகுளின் சிஸ்டத்தில் ஓடும் குரோம்புக் நல்ல சாமான்தான், பத்து வருடம் அப்டேட் தருகிறார்கள். ஆனால் விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அதே இஎம்எம்சிதான். ஈலானை ஓட்டவும் உள்ளே லினக்ஸைத் தனியாகத் திறக்க வேண்டும். உனக்குச் சரிவராது. புது விண்டோஸ் லேப்டாப்பில் "எஸ் மோட்" என்று இருந்தால் பயப்படாதே. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதை மட்டும்தான் போட விடும், ஆனால் காசில்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம். வந்தால் திரும்பப் போக முடியாது, போக வேண்டியதும் இல்லை.

நான் வாங்குவதாக இருந்தால் ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய லேப்டாப்பைத்தான் பார்ப்பேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. அதனால் பழையவற்றை நிறையத் தள்ளிவிடுகிறார்கள். இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்தால் விண்டோஸ் 11 முறையாக ஏற்கும், ஏழாம் தலைமுறை என்றால் பெரும்பாலும் ஏற்காது. டெல் லாட்டிட்யூட் 7290, லெனோவா திங்க்பேட் எக்ஸ்280 இரண்டிலும் எட்டாம் தலைமுறை உள்ளதைப் பார், 12.5 அங்குலம், உன் பைக்குள் அடங்கும், எஸ்எஸ்டியை மாற்றலாம். எக்ஸ்280இல் ராம் போர்டோடு ஒட்டியது, அதனால் 8 ஜிபி உள்ளதை மட்டும் எடு, 4 ஜிபி வேண்டாம். எதுவானாலும் எஸ்எஸ்டி 256க்குக் குறைய வேண்டாம். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல். புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றிக் கேள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்.

மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றை நாளைக்குக் கொரியரில் அனுப்புகிறேன். கடையில் அதைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 தட்டினால் எதிலிருந்து துவக்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடு. டிஸ்க்கில் எதையும் தொடாமல் மின்ட் அப்படியே ஓடும். வைஃபை எடுக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, எல்லாக் கீயும் அடிக்கிறதா என்று பார். முக்கியமாக ஹெட்போன் மாட்டி உன் பதிவு ஒன்றைப் போட்டுக் கேள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும். இப்போதைய மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் வரும், உன் படிப்பு அதற்குள் முடிந்துவிடும்.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. சீட்டு இந்த மாதம் எனக்கு விழுந்திருக்கிறது. இருபத்தெட்டாயிரம் உன் அக்கவுண்டில் போட்டிருக்கிறேன். எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நீ தேடித் தேடிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும் கண்ணு. அதை நினைத்து நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை. லேப்டாப் போக மிச்சத்தில் வெளியே செருகுகிற ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கு. ஒவ்வொரு ஊருக்கும் போய் வந்த அன்றைக்கே, தூங்குவதற்கு முன்னால், பதிவுகளை அதில் ஒரு பிரதி எடுத்துவிடு. தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா, கடையில் உள்ள டிஸ்க்கிலும் ஒன்று போட்டு வைக்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் விவரப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பு. சனிக்கிழமை நான் கடையில்தான் இருப்பேன், போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா