அப்பா ஏன் என் மூஞ்சிய பாத்தாரு, டாக்டர்?

மாசாமாசம் பிரஷரும் சுகரும் பாக்குற எல்லா குடும்ப டாக்டர்களுக்கும் வணக்கம். இது ஒருத்தர குத்தம் சொல்ற மடல் இல்லீங்க.

ரெண்டு வருஷமா அப்பாவ நான்தான் செக்கப்புக்கு கூட்டிட்டு போனேன். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா"ன்னு டாக்டர் கேப்பாரு, அப்பா உடனே திரும்பி என் மூஞ்சிய பாப்பாரு, நான் "போடுறாரு சார்"னு முந்திக்குவேன், அப்பா ஏதாச்சும் ஒரு ஜோக் அடிப்பாரு, டாக்டரும் சிரிப்பாரு, அவ்ளோதான் அடுத்த பேஷண்ட். அப்படி திரும்பி பாக்குறதே மறதி நோய்க்கு ஒரு அறிகுறியா இருக்கலாம்னு எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. நல்லா பேசத் தெரிஞ்சவங்க மறதிய பேச்சுலயே மூடிருவாங்க. அதுக்கு நானும் உடந்தை, ஒத்துக்கிறேன்.

நடுவுல சுகர் எகிறுச்சு, டோஸ கூட்டினாங்க. மனுஷன் மாத்திரைய போட்டாரா மறந்தாரான்னு யாருமே பாக்கல. மறந்தவரு ஒருநாள் ரெண்டு தடவ போட்டிருந்தா லோ சுகர்ல விழுந்திருக்கலாம்.

டைம் இல்லன்னு சொல்வீங்க, வெளிய கூட்டத்த நானும்தான் பாக்குறேன். ஆனா மினி-காக்னு ஒரு சின்ன மறதி டெஸ்ட் இருக்கே, மூணு வார்த்த சொல்லி, கடிகாரம் வரைஞ்சு 11:10-க்கு முள்ளு வைக்க சொல்லி, அப்புறம் அந்த மூணு வார்த்தைய திருப்பி கேக்குறது, மொத்தமே 3 நிமிஷம்தான். 5-க்கு 3 மார்க்குக்கு கீழ வந்தா நோய்னு அர்த்தம் இல்ல, மேல பாக்கணும்னு அர்த்தம். பேனா புடிச்சு பழக்கமில்லாதவங்களுக்கு இது சரிப்படாது, அங்க ஏடி8-ன்னு 8 கேள்வி இருக்கு, கூட வந்தவங்கள தனியா கேக்கலாம், முன்னாடி முடிஞ்சது இப்ப முடியலயான்னு.

வயசானவங்க எல்லாரையும் வரிசைல நிக்க வெச்சு டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லல. அறிகுறியே இல்லாதவங்களுக்கு அது நல்லதா கெட்டதான்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னு 2020-ல அமெரிக்க தடுப்பு மருத்துவ குழுவே சொல்லிருச்சு. கண்ணு முன்னாடி அறிகுறி வந்து உக்காந்திருக்கும்போது பாருங்கன்னுதான் கேக்குறேன்.

அப்புறம் மறதின்னாலே அல்சைமர்னு நாங்களா பயந்து வாய மூடிக்கிறோம். பி12 வைட்டமின் குறைஞ்சாலும், தைராய்டு மந்தமானாலும், டிப்ரஷன் இருந்தாலும், சில பழைய அலர்ஜி மாத்திரையாலயும் மறதி வரும், இதெல்லாம் கவனிச்சா சரியாக வாய்ப்பு இருக்கு. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய போட்டா பி12 குறையலாம்னு உங்களுக்கு தெரியாததா, எழுதிக் குடுக்குறதே நீங்கதானே.

அடுத்த தடவ ஒரு அப்பாவோ அம்மாவோ பதிலுக்கு புள்ள மூஞ்சிய பாத்தா, அந்த புள்ளைய ரெண்டு நிமிஷம் வெளிய உக்கார சொல்லுங்க. மூஞ்ச தூக்கி வெச்சுக்கும், பரவால்ல.