பில் விழுந்தா சி.ஆர்.எம்-க்கு உடனே தெரியணும், சி.ஆர்.எம் சொல்லி பில் விழ வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன ஊர் கடைங்க எல்லாம் சாஃப்ட்வேருக்கு மாறுறதப் பத்தி பேப்பர்ல அடிக்கடி வருது, படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு. நான் கும்பகோணத்துல ஏ.சி, டி.வி, ஃப்ரிட்ஜ் விக்கிற ஒரு கடையில கணக்கு பாக்குறவன். பில்லிங்கும் நான்தான், ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் நான்தான், கஸ்டமர் சண்டைக்கு வந்தா முதல்ல நிக்கிறதும் நான்தான். அதனால சி.ஆர்.எம்மையும் பில்லிங்கையும் ரியல் டைம்ல, அதாவது ஒரு பக்கம் நடந்தது அடுத்த பக்கம் உடனே தெரியிற மாதிரி, இணைக்கிறோம்னு இப்ப கடை கடையா ஆளுங்க வர்றாங்க இல்லையா, அதப் பத்தி எழுதணும்னு தோணுச்சு.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. யார் விசாரிச்சாங்க, என்ன விலை சொன்னோம், எப்ப சர்வீஸ் கேட்டாங்க, இதெல்லாம் இருக்கிறது சி.ஆர்.எம். என்ன வித்தோம், எவ்வளவு வரி, எவ்வளவு பாக்கி, இது பில்லிங். ரெண்டும் வேற வேற கம்பெனி சாஃப்ட்வேரா இருக்கும், ஒண்ணு இன்டர்நெட்ல, இன்னொண்ணு பெரும்பாலும் கல்லா பக்கத்துல இருக்கிற கம்ப்யூட்டர்ல.

இணைக்க வர்றவங்க எல்லாரும் ஒரே டெமோதான் காட்டுறாங்க. சேல்ஸ் பையன் போன்ல ஆர்டர் ஓகேன்னு ஒரு பட்டனை அமுக்குவான், அடுத்த செகண்டு கல்லாவுல பிரின்டர்லேர்ந்து பில் வந்து விழும், முதலாளி ஆஹான்னு பாப்பாரு, அங்கேயே அட்வான்ஸ் செக் கிழிச்சுக் குடுத்துடுவாரு. எனக்கு அந்த டெமோவைப் பாத்தாலே வயித்தக் கலக்கும். ஏன்னா வேகம் வேண்டியது அந்தப் பக்கமே இல்ல. பில்லிங்லேர்ந்து சி.ஆர்.எம்-க்குத்தான் உடனுக்குடன் போகணும். சி.ஆர்.எம்-லேர்ந்து பில்லிங்குக்கு வர்றது டிராஃப்டா வந்து நிக்கட்டும், ஒரு ஆள் கண்ணால பாத்துட்டு ஓகே பண்ணட்டும், அதுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டானா எந்தக் கஸ்டமரும் கோச்சுக்கிட்டு எழுந்து போயிட மாட்டாங்க.

கஸ்டமர் எதுக்கு கோச்சுக்கிறாங்கன்னா இதுக்குத்தான். ஒரு அம்மா சாயங்காலம் வந்து பாக்கி முழுசையும் யூ.பி.ஐ-ல கட்டிட்டு ரசீதும் வாங்கிட்டுப் போறாங்க. பில்லிங்ல ஏறிடுச்சு. சி.ஆர்.எம்-க்கு ராத்திரி ஒரு தடவதான் ஃபைல் போகும்ங்கற ஏற்பாடு, அன்னைக்கு ராத்திரி நெட் இல்ல, போகல. மறுநாள் காலைல அவங்க வாட்ஸ்அப்புக்கு உங்கள் நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்தவும்னு தன்னால மெசேஜ் போகுது. பணம் கட்டின மனுஷிக்கு அதப் பாத்தா எப்படி இருக்கும். அக்கம்பக்கத்துல நாலு பேர் இருக்கிற நேரத்துல கடைக்கு வந்து போனைத் தூக்கிக் காட்டி கேட்டாங்க, நியாயம்தானே. இன்னொரு தடவ எக்ஸ்ட்ரா வாரன்ட்டிக்குப் பணம் கட்டினவர் வீட்டுக்கு சர்வீஸ் பையன் போய், சார் உங்களுக்கு வாரன்ட்டி முடிஞ்சிருச்சு, விசிட்டிங் சார்ஜ் ஆகும்ங்கறான். அவன் போன்ல அப்படித்தான் காட்டுது, அவனை என்ன சொல்றது. இந்த ரெண்டுக்கும் மருந்து பில்லிங்லேர்ந்து அந்தப் பக்கம் உடனே தகவல் போறது மட்டும்தான். வெப்ஹுக்னு சொல்றாங்களே அது இந்த வேலைக்குத்தான், பணம் ஏறின உடனே இந்தப் பக்கமே தானா அந்தப் பக்கத்துக்குச் சொல்லிடும், அவங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்து என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டு இருக்க வேணாம்.

எதிர்ப்பக்கம் ஏன் வேணாங்கறேன்னா, சி.ஆர்.எம்-ல எழுதினதை எத்தன தடவ வேணா மாத்தலாம், மூணு ஏ.சின்னு போட்டதை ரெண்டுன்னு ஆக்கலாம், மாடலை மாத்தலாம், யாரும் கேக்க மாட்டாங்க. பில் அப்படி இல்ல. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் நம்பர் வரிசையா போகணும், 16 எழுத்துக்குள்ள இருக்கணும், ஒரு நிதியாண்டுல அதே நம்பர் ரெண்டாவது தடவ வரக் கூடாது. வருஷத்துக்கு 5 கோடிக்கு மேல வியாபாரம் பண்ற கடைன்னா 1 ஆகஸ்ட் 2023-லேர்ந்து ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிற கஸ்டமருக்கு இ-இன்வாய்ஸ், அதாவது கவர்மென்ட் போர்ட்டல்ல ஏத்துற பில், கட்டாயம். லாட்ஜு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரின்னு ஜி.எஸ்.டி. நம்பர் வச்சிருக்கிறவங்க எல்லாம் இதுல வந்துடுவாங்க. அந்த போர்ட்டல்ல ஒரு தடவ ஏத்தி ஐ.ஆர்.என்-ங்கற பதிவு நம்பரை வாங்கிட்டா கேன்சல் பண்ண 24 மணி நேரம்தான், அதுக்கு அப்புறம் கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைக்கிற சீட்டு, போட்டுத்தான் சரிக்கட்ட முடியும். சனிக்கிழமை சாயங்காலம் சேல்ஸ் பையன் டார்கெட் அவசரத்துல பட்டனை அமுக்கிட்டு, திங்கக்கிழமை வந்து அண்ணே அந்த லாட்ஜுக்காரர் நாலு வேணாம் ரெண்டு போதும்னாருன்னு சொன்னா, அந்த 24 மணி நேரம் ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருக்கும்.

அட்ரஸ் விவகாரம் இன்னும் பெருசு, எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது நல்லா புரியும். எங்களுக்கு காரைக்கால் கஸ்டமருங்க நிறைய. சுத்தி மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஜில்லா, நடுவுல காரைக்கால், ஆனா அது புதுச்சேரி. ஜி.எஸ்.டி-ல நம்ம மாநிலத்து கோட் 33, அவங்களது 34. இங்கேர்ந்து பொருள் அங்க போச்சுன்னா மாநிலம் விட்டு மாநிலம் போறதுக்கான ஐ.ஜி.எஸ்.டி. போடணும், உள்ளூர் வியாபாரத்துக்கான சி.ஜி.எஸ்.டி-யும் எஸ்.ஜி.எஸ்.டி-யும் போட்டா தப்பு. அக்டோபர் 2023-லேர்ந்து, ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாத சாதாரண கஸ்டமருக்குக் கூட பில்லுல ஏறுற அட்ரஸை வச்சுத்தான் எந்த மாநிலத்து வரின்னு முடிவாகுது. இப்ப சி.ஆர்.எம்-ல பின்கோடு போட்டா மாநிலம் தானா வர்ற வசதி இருக்கே, அதுல ஒரு சாஃப்ட்வேர் முதல் மூணு நம்பரை மட்டும் பாத்துட்டு மாநிலத்த போடுது. மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. ரெண்டும் 609. காரைக்காலுக்கு ஜம்முனு தமிழ்நாடுன்னு போட்டுடுச்சு! டிராஃப்ட்ல நின்னதால கண்ணுல பட்டது. நேரா பில்லா விழுந்திருந்தா சரியான வரியை மறுபடி கட்டிட்டு, தப்பா கட்டினதுக்கு ரீஃபண்ட் எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்கணும்.

போன வருஷம் செப்டம்பர் கூத்தையும் சொல்லியாகணும். 22 செப்டம்பர் 2025, நவராத்திரி முதல் நாள், ஏ.சி-க்கு வரி 28-லேர்ந்து 18 சதவீதம் ஆச்சு, 32 இஞ்சுக்கு மேல உள்ள டி.வி-க்கும் அதேதான். வரிக்கு முன்னாடி 30,000 ரூபா உள்ள ஒரு ஏ.சி முதல் நாள் வரைக்கும் 38,400, மறுநாள் 35,400. பில்லிங்ல ராத்திரியே மாத்தியாச்சு. ஆனா சி.ஆர்.எம்-ல விலைப்பட்டியல் தனியா ஒரு காப்பி இருந்தது, அது யார் ஞாபகத்துலயும் இல்ல. கொட்டேஷன் வாங்கிட்டு முடிவு சொல்லாம இருந்தவங்களுக்கெல்லாம் அன்னைக்கு காலைல ஃபாலோ-அப் மெசேஜ் 38,400-ன்னு போயிருக்கு. டி.வி-ல ஃபுல்லா வரி குறைஞ்சுது வரி குறைஞ்சுதுன்னு ஓடிக்கிட்டு இருக்கிற நேரத்துல கடைக்காரன் பழைய விலைய அனுப்பினா ஜனங்க என்ன நினைப்பாங்க, அமுக்கப் பாக்குறான்னுதான் நினைப்பாங்க. அட்வான்ஸ் குடுத்து வச்சவங்க வேற தனிக் கதை, பணம் முன்னாடியே வந்திருந்தாலும் பொருளும் பில்லும் 22-க்கு அப்புறம்னா புது வரிதான், அதை சி.ஆர்.எம்-ல இருக்கிற பழைய ஆர்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்.

அதனால ஏ.பி.ஐ, கனெக்டர்னு ரெண்டு சாஃப்ட்வேரையும் இணைக்கிற வழியைப் பத்தி பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிக்கணும், எந்த விஷயத்துக்கு எது முதலாளின்னு. விலை, வரி, ஸ்டாக், பாக்கி, கஸ்டமரோட ஜி.எஸ்.டி. நம்பர், இதுக்கெல்லாம் பில்லிங்தான், சி.ஆர்.எம் படிக்கலாமே தவிர கை வைக்கக் கூடாது. போன் நம்பர், எப்ப கூப்பிடணும், என்ன கம்ப்ளெயின்ட், டெலிவரிக்கு எந்தத் தெரு எந்த சந்து, இது சி.ஆர்.எம்மோட வேலை, இங்க யாரும் அதை மாத்தக் கூடாது. ரெண்டு பக்கமும் ரெண்டையும் மாத்தலாம்னு விட்டா, நான் திருத்தினதை அது பழசாக்கும், அது பழசாக்கினதை நான் திருத்துவேன், மாமியார் மருமக சமையக்கட்டு மாதிரி உப்பு ரெண்டு தடவ விழும்.

ரெண்டு தடவன்னதும் ஞாபகம் வருது, டபுள் பில். நெட் ஒரு நிமிஷம் கட்டாகும், அந்தப் பக்கம் ஆர்டரை அனுப்பிட்டு பதில் வரலன்னு மறுபடி அனுப்பும், இங்க முதல்லயே வந்து சேந்திருக்கும், ஒரு கஸ்டமருக்கு ரெண்டு பில். வெப்ஹுக்ல மறுபடி அனுப்புறதுங்கறது தப்பு இல்ல, அது அப்படித்தான் வேலை செய்யும், வாங்குறவன்தான் பாத்து வாங்கணும். இதுக்கு வழி கவர்மென்ட் போர்ட்டல்லயே இருக்கு. ஐ.ஆர்.என்-ங்கறது 64 எழுத்து, விக்கிறவங்க ஜி.எஸ்.டி. நம்பர், நிதியாண்டு, என்ன வகை டாக்குமென்ட், அதோட நம்பர், இத வச்சுக் கணக்குப் போட்டு வர்றது. அதே பில்லை திரும்ப அனுப்பினா அதே ஐ.ஆர்.என்-தான் வரும், போர்ட்டல் டூப்ளிகேட்னு திருப்பி அனுப்பிடும். அதே மாதிரி சி.ஆர்.எம் ஆர்டர் ஒவ்வொண்ணுக்கும் மாறாத ஒரு நம்பர் குடுத்து, அந்த நம்பருக்கு ஏற்கனவே பில் இருக்கான்னு பாத்துட்டு போடச் சொன்னா முடிஞ்சுது. ரொம்ப சின்ன வேலை, ஆனா கேட்டு வாங்கினாத்தான் பண்ணுவாங்க.

இன்னொண்ணு, எங்கள மாதிரி கடைங்க பலதுலயும் பில்லிங்குக்கு டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்தான். டேலி நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுறது, வெளிலேர்ந்து வேற சாஃப்ட்வேர் பேசணும்னா பெரும்பாலும் 9000-ங்கற போர்ட்ல, அதாவது அந்த கம்ப்யூட்டரோட ஒரு வாசல்ல, வந்து எக்ஸ்.எம்.எல்-ங்கற வடிவத்துல பேசணும், அந்த கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கணும், டேலி திறந்திருக்கணும், சரியான கம்பெனி லோடாகி இருக்கணும். ராத்திரி கடை சாத்தும்போது பையன் மெயின் சுவிட்சையே அமுக்கிட்டுப் போயிடுவான். அப்ப ரியல் டைம் எங்கேர்ந்து வரும்? நடுவுல தகவலை எல்லாம் வரிசையில நிறுத்தி வைக்கிற ஒரு க்யூ வேணும், காலைல சிஸ்டம் எழுந்ததும் ஒண்ணொண்ணா உள்ள விடணும். அதுலயும் வரிசை மாறக் கூடாது, கட்டியாச்சுங்கற தகவல் முதல்ல போய் பாக்கிங்கற பழைய தகவல் பின்னாடி போய்ச் சேந்தா மறுபடி அந்த அம்மா போனைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. ஒவ்வொரு தகவல்லயும் எத்தன மணிக்கு நடந்ததுன்னு நேரம் இருக்கணும், பழைய நேரம் புது நேரத்தை அழிக்கக் கூடாது. லிங்க் அறுந்தா எனக்கு உடனே தெரியணும். இப்ப பல கடைல அறுந்து ஒரு வாரம் ஆனாலும் தெரியாது, மாசா மாசம் 11-ஆம் தேதிக்குள்ள ஜி.எஸ்.டி.ஆர்-1-ங்கற விற்பனை ரிட்டர்ன் போட உக்காரும்போதுதான் இடிக்கும்.

ஒரு நாளைக்கு பத்து பில் போடுற கடைக்கு இதெல்லாம் வேணுமான்னு கேட்டா, வேணாம். ஒரு நோட்டும் ஒரு நல்ல ஞாபகசக்தி உள்ள ஆளும் போதும். சர்வீஸ் ஆளுங்க வெளில சுத்துற கடை, ரெண்டு மூணு கிளை உள்ள கடை, கடனுக்கு விக்கிற கடை, இவங்களுக்குத்தான் தேவை. அவங்களுக்கும் எல்லாம் செகண்டுல வேணும்னு இல்ல, பணம் வந்த தகவலும் ஸ்டாக் தகவலும் உடனே போனா போதும், மத்தது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ போகட்டும், செலவும் குறையும்.

கஸ்டமர் பக்கத்துலேர்ந்தும் ஒரு பேச்சு. பில்லுக்குன்னு வாங்குற போன் நம்பர் இணைப்பு குடுத்த அடுத்த நிமிஷம் சி.ஆர்.எம்-க்குப் போயிடுது, அங்கேர்ந்து ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை ஆஃபர்னு மெசேஜ் ஆரம்பிச்சுடுது. போன் நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே சொல்லிடுச்சு, அதே வருஷம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாச்சு. வாரன்ட்டிக்கு நம்பர் தேவைதான், ஆனா விளம்பரம் அனுப்பலாமா வேணாமான்னு பில் போடுறப்பவே கேட்டு டிக் பண்ணி, அந்த டிக்கும் நம்பரோட சேந்தே அந்தப் பக்கம் போகணும். இணைக்க வர்ற யாரும் இதப் பத்தி வாயைத் திறந்து நான் பாக்கல.

கொட்டேஷன் குடுக்குறப்ப ரியல் டைம் இன்டகிரேஷன் இவ்வளவு ரூபான்னு ஒத்த வரில முடிச்சுடறாங்க. எது எந்தப் பக்கம் போகும், நெட் போனா என்ன ஆகும், ரெண்டு தடவ வந்தா எப்படித் தடுப்பீங்க, வரி மாறினா எத்தன இடத்துல மாத்தணும், லிங்க் அறுந்தா யாருக்குத் தகவல் வரும், இத தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வணிகர் சங்கங்க கேக்கணும். சங்கத்துக்காரங்க உங்க பேப்பர் படிக்கிறவங்கதான், அதனாலதான் இங்க எழுதுறேன்.

இப்படிக்கு,
கணக்கு பாக்குற ஒரு வாசகர்,
கும்பகோணம்