எத்தனை படிக்கட்டு என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏ.ஐ. வந்த பிறகு எஸ்.இ.ஓ. தொழிலே முடிந்துவிட்டது என்று போன வாரம் உங்கள் இதழில் ஒரு கட்டுரை படித்தேன். 2010-லிருந்து வேலூரில் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் போட்டுக் கொடுத்து, அவற்றைத் தேடலில் மேலே கொண்டுவருவதையே பிழைப்பாக வைத்திருப்பவன் நான். எஸ்.இ.ஓ. என்பது இந்த வேலைக்குப் பெயர். தொழில் முடியவில்லை. மாறுகிறது. எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைக் கட்டுரை சொல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆரணிப் பட்டுக் கடை ஒன்றுக்கு, பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'ஆரணி பட்டு, ஆரணி பட்டுப் புடவை, ஆரணி பட்டு மொத்த விலை' என்று நாற்பது தடவை எழுதி வைத்தேன், படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். 2011-ல் பாண்டா, 2012-ல் பெங்குவின் என்ற பெயர்களில், பக்கங்களை வரிசைப்படுத்தும் கணக்கை கூகுள் மாற்றியதும் சரக்கில்லாத பக்கங்கள், கீவேர்டு (தேடும் சொல்) திணிப்பு, காசுக்கு வாங்கிய லிங்க் எல்லாம் கீழே போயின. என் பக்கமும் போனது. அது நியாயம்தான், எனக்கு வருத்தமில்லை.

இப்போது நடப்பதில்தான் வருத்தம் இருக்கிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில், ஆகஸ்டில் இந்தியாவில், லிங்குகளுக்கு மேலே ஏ.ஐ. எழுதிய சுருக்கத்தை கூகுள் காட்டத் தொடங்கியது. மற்ற தேடல்களும் அதே வழியில் போகின்றன. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் பற்றி, அங்கே பயிர் வைக்கிற என் மாமா சொல்லச் சொல்ல நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். காம்பிலும் அதை ஒட்டிய பச்சைத் தொப்பியிலும் முள் இருக்கும், துணியைச் சுற்றிக்கொண்டுதான் பறிப்போம், முள் இல்லாமல் பளபளவென்று இருந்தால் அது இலவம்பாடிக் காயே இல்லை என்றெல்லாம் அவர் சொன்னது அப்படியே இருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த சமயத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு விதை கேட்டு எவ்வளவோ போன் வந்தது. இப்போது கணக்கை எடுத்துப் பார்த்தால், பக்கம் தேடலில் தென்பட்ட எண்ணிக்கை ஏறுகிறது, உள்ளே வந்தவர் எண்ணிக்கை இறங்குகிறது. மாமா சொன்ன வரி யாருடையது என்றே தெரியாமல் மேலே பெட்டிக்குள் நிற்கிறது. இந்தச் சுருக்கத்துக்கு என் எழுத்தை எடுக்காதே என்று தடுக்கலாமா என்றால், அதற்கான குறியீட்டைப் போட்டால் சாதாரணத் தேடலில் லிங்குக்குக் கீழே வரும் அந்த இரண்டு வரி விளக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. கூகுள் தனக்கு உழைத்தவனை இப்படி ஓரமாக நிறுத்தக் கூடாது, எடுத்த இடத்தைப் பளிச்சென்று காட்ட வேண்டும் என்று சட்டமே வர வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இதே மாற்றத்தில் நமக்கு ஒரு வழியும் இருக்கிறது. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இங்குள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரும் இப்போது 'பெஸ்ட் லாட்ஜ் வேலூர்' என்று தட்டுவதில்லை. ரயிலில் வரும்போதே போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அம்மாவுக்கு ஆபரேஷன், மூன்று பேர், இருபது நாள் தங்கணும், நாங்களே சமைத்துக்கொள்ளணும், படி ஏற முடியாது என்று வங்காளியில் முழுசாகச் சொல்லிக் கேட்கிறார்கள். இதற்கு எந்தக் கீவேர்டும் உதவாது. பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், எப்படியாவது நம்பர் ஒன்னாக்கிக் கொடு தம்பி என்று வந்தார். அவர் பக்கத்திலிருந்த 'சொகுசு', 'உலகத் தரம்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டேப்போடு போய் லிஃப்ட் கதவை அளந்தேன். வாசலில் 4 படி, பக்கவாட்டில் சரிவுப் பாதை, வீல்சேர் லிஃப்டுக்குள் போகும், கேஸ் அடுப்புக்குத் தனி வாடகை, வெந்நீர் காலை 5 முதல் 9 வரை. இதைத் தமிழிலும் வங்காளியிலும் எழுதினோம். அப்புறம் ஒரு நாள் ராத்திரி பெரியவர் ஒருவர் வந்து, அறை வாடகையைக் கூடக் கேட்காமல், வாசலில் 4 படிதானே, சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டாராம். அண்ணன் எனக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இனிமேல் எஸ்.இ.ஓ. என்பது இந்த வேலைதான் என்று நம்புகிறேன். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 'நேரடி அனுபவம்' என்பதைப் புதிதாகச் சேர்த்தது சும்மா இல்லை. நேரில் தெரிந்தவர் எழுதாத இடத்தில் மெஷின் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். பீட்சாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கலாம் என்று 2024-ல் வந்த பதில், ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் யாரோ பல வருடம் முன்பு விளையாட்டாக எழுதியது. நம் பக்கத்திலும் பாருங்கள், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது 2019-ல், ஆனால் போன மாதம் ஒரு ஏ.ஐ. என்னிடம் வேலூர் மாவட்டம் என்று அடித்துச் சொன்னது. பழைய பக்கங்கள்தானே அதிகம் கிடக்கின்றன, அது என்ன செய்யும்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது உங்கள் நிருபர் ஊர் ஊராகப் போய் எழுதியவற்றைச் சமீபத்தில் தேடினேன். பாதி லிங்க் திறக்கவில்லை, திறந்ததிலும் வெளியான தேதி இல்லை. வெப்சைட்டை மாற்றும்போது விட்டுப்போயிருக்கும். பழைய முகவரிகளைப் புதியவற்றோடு இணைத்து, தேதியும் ஊர்ப் பெயரும் நிருபர் பெயரும் போட்டுத் திரும்ப வையுங்கள். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உட்கார்ந்து செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.