நித்திரையைச் சோம்பல் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் கடந்த ஞாயிறன்று, உயர்தரப் பரீட்சை முடியும்வரை நான்கு மணிநேர நித்திரை போதும், மிகுதியெல்லாம் சோம்பல் என்று எழுதப்பட்டிருந்தது. நீண்ட காலம் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்த எனக்கு அந்த வரி மிகுந்த மனவேதனையைத் தந்தது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பரவிய மூளை அழற்சி நோயை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் வொன் எக்கொனொமோ, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஐப்போதலமசு என்னும் சிறு பகுதியின் முன்பகுதி பழுதடைந்தோர் நித்திரையின்றித் தவித்ததையும், பின்பகுதி பழுதடைந்தோர் ஓயாது உறங்கியதையும் அப்போதே எடுத்துக்காட்டினார். அம்முன்பகுதியின் நரம்புக் கலங்கள் விழிப்பு மையங்களை அடக்குவதாலேயே நித்திரை வருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. அதை மன உறுதியால் வென்றுவிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எவ்வகையில் நியாயம்? வளர்ச்சி ஓமோன் பெருமளவில் சுரப்பதும், பகலில் படித்தது நினைவில் பதிவதும் ஆழ்நித்திரையின்போதுதான்.

விடியப்புறமே தனியார் வகுப்புக்குப் போய்விட்டுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் முதற் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ப்பதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். பெற்றோரிடம் சொன்னால், அயல்வீட்டுப் பிள்ளை சாமம்வரை படிக்கிறதே என்பார்கள். ஷெல் சத்தத்துக்குப் பயந்து பதுங்குகுழியில் இரவுகளைக் கழித்த தலைமுறை நாங்கள். எங்கள் பிள்ளைகளாவது நிம்மதியாக உறங்கட்டும் என்று நினைக்க வேண்டியவர்களே இப்படிப் பேசுகிறோம்.

எனது கணவர் நீரிழிவு நோயாளி. திருவிழாக் காலத்தில் அயலிலுள்ள ஒலிபெருக்கி நள்ளிரவு தாண்டியும் ஓய்வதில்லை. பக்தியை நான் குறைகூறவில்லை. ஆனால், 2008 இல் வெளியான சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஆரோக்கியமான இளவயதினரை முழுமையாக எழுப்பாமலேயே மூன்று இரவுகள் ஒலியால் ஆழ்நித்திரையை மட்டும் குலைத்தபோது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு அவர்களது உடல் காட்டும் உணர்திறன் ஏறத்தாழ 25 வீதம் குறைந்தது. மொத்த நித்திரை நேரமோ குறையவில்லை. இதையெல்லாம் விளக்கி உரியவர்களுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

உடல்நலம் பற்றிய ஆக்கங்களை அச்சேற்றுமுன் மருத்துவர் ஒருவரிடம் காட்டுமாறும், அந்த வரிக்கான திருத்தத்தை அதே மாணவர் பக்கத்தில், பரீட்சைக்கு முன்னதாகவே வெளியிடுமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கொக்குவில்.